தகுதி இழந்த தம்பியும் அம்மாவின் கார்ச் சாவியும்

செந்தூலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு 29 வயது. அம்மாவோடு இருக்கிறான். ஷா ஆலாமில் ஒரு கம்பெனியில் சரக்கு வேன் ஓட்டுகிறான். உறவினர் திருமண விருந்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டித் திரும்பும்போது சாலைத் தடுப்பில் பிடிபட்டான். ஐந்து வாரங்களுக்கு முன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒரு நாள் சிறை, 12,000 ரிங்கிட் அபராதம், இரண்டு ஆண்டுகளுக்கு லைசென்ஸ் தடை. அபராதத்தை அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். இப்போது அம்மாவின் மைவி காரை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் வேலைக்குப் போகிறான். கம்பெனி வேனையும் ஓட்டுகிறான். அங்கே யாருக்கும் தெரியாதாம். 'கார்டு என் கையில்தான் இருக்கிறது, வேலைக்கு மட்டும்தானே ஓட்டுகிறேன், மோட்டார் சைக்கிளாவது ஓட்டலாம் இல்லையா' என்கிறான். பிடிபட்டால் என்ன ஆகும்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

சகோதரி, இன்று இரவே கார்ச் சாவியை அவரிடமிருந்து வாங்கி, அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் இருந்தால் அதன் சாவியையும் வாங்குங்கள். ஏன் என்று இனி சொல்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. கோலாலம்பூர் நீதிமன்றங்களில் 26 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, "புரிந்ததா?" என்று கேட்டு, மாஜிஸ்திரேட் சொல்லும் தண்டனையையும் தமிழில் சொல்வது என் வேலை. உங்கள் தம்பி நின்ற அதே கூண்டுக்கு இரண்டடி தள்ளி நின்று, அவரைப் போன்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தத் தண்டனையைச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் இருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கென்று குறிப்பாக ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தம்பியின் குழப்பம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. நம் மக்கள் இதை "லைசென்ஸ் கந்துங்" என்று சொல்வார்கள். கந்துங் என்றால் மலாயில் தொங்கவிடுவது, அதாவது கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பது. அபராதப் புள்ளிகள் சேர்ந்து சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது ஜேபிஜே, லைசென்ஸை நிறுத்தி வைப்பதற்கு அந்தச் சொல் பொருந்தும். உங்கள் தம்பிக்கு நீதிமன்றம் விதித்திருப்பது அது அல்ல. மாஜிஸ்திரேட் சொன்ன மலாய்ச் சொற்கள் "ஹிலாங் கெலாயாக்கான்". தமிழில் தகுதியிழப்பு. வாகனமோட்டும் உரிமத்தை வைத்திருக்கவும் புதிதாகப் பெறவும் இந்த ஆளுக்குத் தகுதி இல்லை என்று, அவருடைய பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் குறித்து நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணை ஆளோடு ஒட்டியிருக்கிறது. அட்டை சட்டைப் பையில் இருந்தாலும் அலமாரியில் இருந்தாலும் எதுவும் மாறாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும், எளிதில் புரியட்டும் என்று "லைசென்ஸ் கந்துங்" என்றே சொல்லிவந்தேன். ஒருநாள் தண்டனை முடிந்து கூண்டிலிருந்து இறங்கிய ஓர் இளைஞர், லாக்கப்புக்குப் போகும் வழியில் திரும்பி, "சார், கார் லைசென்ஸ்தானே கந்துங்? பைக் ஓட்டலாம் இல்லையா?" என்று என்னைக் கேட்டார். "கூடாது, எதையும் ஓட்டக்கூடாது" என்றேன். ஆனால் அதற்குள் போலீஸ்காரர் அவரை அழைத்துக்கொண்டு கதவைத் தாண்டிவிட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து அதே முகம் மீண்டும் கூண்டில் நின்றது. மோட்டார் சைக்கிளில் பிடிபட்டிருந்தார். அன்றிலிருந்து நான் வேலையை விடும் வரை ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன்: "இன்று முதல் இத்தனை ஆண்டுகளுக்கு நீங்கள் கார், மோட்டார் சைக்கிள், வேன், லாரி எதையும் ஓட்டக்கூடாது." பெயர் பெயராகச் சொல்வேன்.

உங்கள் தம்பிக்கும் அதே வாக்கியம்தான். கார் வகுப்பு, மோட்டார் சைக்கிள் வகுப்பு, சரக்கு வாகனத்துக்கான ஜிடிஎல், பயணிகள் வாகனத்துக்கான பிஎஸ்வி எல்லாமே இந்த ஆணைக்குள் அடங்கும். "வேலைக்கு மட்டும்" என்ற விலக்கு அதில் இல்லை. சில நாடுகளில் வேலைக்குப் போய்வர மட்டும் நீதிமன்றம் தனி அனுமதி கொடுப்பது உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் இருக்கும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு எழுதப்பட்ட ஆணையில் அப்படி ஒரு வரியும் கிடையாது. நின்றுகொண்டு ஓட்டும் சிறிய மின்சார ஸ்கூட்டரும் வழியல்ல. அந்த வகைச் சிறு வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்று 2021 டிசம்பரில் தனி விதியே வந்துவிட்டது. மிதிவண்டி ஓட்டலாம்.

"கார்டு என் கையில் இருக்கிறது" என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போது லைசென்ஸ் மைஜேபிஜே செயலியிலேயே தெரிகிறது. 2023 பிப்ரவரியில் இருந்து சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய தேவைகூட இல்லை. எல்லாம் கணினியில் இருக்கிறது. சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் போதும். அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதியை யாரும் படிக்கப் போவதில்லை.

பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். தகுதி இழந்த காலத்தில் வாகனம் ஓட்டுவது புதிய, தனியான குற்றம். லைசென்ஸ் புதுப்பிக்க மறந்தவர் ஓட்டுவதையும் இதையும் நீதிமன்றம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இதற்கு அபராதமும் சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாகனத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. தண்டனையின் அளவைவிட, மாஜிஸ்திரேட் அந்த ஆளை எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றியிருக்கிறது. முதல் வழக்கில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், வருந்துகிறேன், அம்மாவைக் காப்பாற்ற வேண்டும்" என்று தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது அவர் காது கொடுத்துக் கேட்பார். ஒரு நாள் சிறையோடு முடித்திருக்கிறார் என்றால் கேட்டிருக்கிறார் என்றுதான் பொருள். நீதிமன்ற ஆணையை மீறி வந்து நிற்கிறவர் அதே வார்த்தைகளை மறுபடியும் சொல்லும்போது, அவற்றை மொழிபெயர்க்கிற எனக்கே நா எழாது. அரசுத் தரப்பு வழக்குநடத்துநர் எழுந்து பழைய தேதியையும் புதிய தேதியையும் அடுத்தடுத்து வாசிப்பார். பெரும்பாலும் அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த ஒரு நாள் சிறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எப்படி இருக்கும் என்று தம்பிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் நீதிமன்ற லாக்கப்பிலேயே மாலை வரை உட்கார வைப்பார்கள். இடைவாரையும் காலணிக் கயிற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். வெளியே வரும்போது இளைஞர்கள் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். வீட்டார் அபராதம் கட்டிய ரசீதோடு வாசலில் நிற்பார்கள். "அவ்வளவுதான், முடிந்துவிட்டது" என்று எல்லோரும் மூச்சு விடும் நேரம் அது. ஆனால் அன்று முடிவது சிறையும் அபராதமும்தான். மூன்றாவது தண்டனையான தகுதியிழப்பு அன்றுதான் தொடங்குகிறது, அதை நடைமுறைப்படுத்தப் போலீஸ்காரர் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் நடைமுறைப்படுத்த வேண்டியிருக்கிறது.

அதனால்தான் அம்மாவின் சாவியைப் பற்றி முதலில் சொன்னேன். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் இரண்டு பகுதிகள் உண்டு. உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பது முதல் பகுதி. அதைப் பலரும் அறிவார்கள். உரிமம் இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்து ஓட்டச் செய்வதோ, ஓட்ட அனுமதிப்பதோ கூடாது என்பது இரண்டாம் பகுதி. அது பல தாய்மார்களுக்குத் தெரியாது. கார் அம்மாவின் பெயரில் இருக்கிறது. மகனுக்கு லைசென்ஸ் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும், அபராதம் கட்டக் கூடவே வந்திருக்கிறார். சாவி சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, மகன் எடுத்துக்கொண்டு போகிறான், அம்மா ஒன்றும் சொல்வதில்லை. இதை அனுமதி இல்லை என்று எப்படி வாதாடுவது?

ஒரு அம்மாவை நான் மறக்கவில்லை. மகன் பிடிபட்டு, கார் பறிமுதலாகி, அதைப் பற்றிக் கேட்க நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் காரின் பதிவு ஆவணமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார். "நான் ஓட்டச் சொல்லவில்லை ஐயா, வேண்டாம் என்றும் சொல்லவில்லை" என்றார். அதை மலாயில் பெயர்த்துச் சொல்ல வேண்டியவன் நான். சொல்வதற்கு முன் ஒரு நொடி நின்றேன். அவர் தன்னையே சிக்க வைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்படியே சொன்னேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் அம்மா அந்த இடத்துக்கு வர வேண்டாம், சகோதரி.

கம்பெனியின் நிலையும் இதுதான். இப்போது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் வேனைக் கொடுக்கிறார்கள். விபத்து ஏதும் நடந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி ஓட்டுநரின் லைசென்ஸ் பற்றித்தான். அப்போது உங்கள் தம்பி நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், தன்னை நம்பிய முதலாளிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

காப்புறுதியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. நம் நாட்டு வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்களில் யார் ஓட்டலாம் என்று ஒரு பகுதி இருக்கும். சட்டப்படி ஓட்ட அனுமதி உள்ளவராகவும், நீதிமன்ற ஆணையால் தகுதி இழக்காதவராகவும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அம்மாவின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தம்பி ஓட்டும்போது மைவி எதிலாவது மோதினால், மைவியின் சேதத்துக்கு ஒரு சென்கூட வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்குக் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுக்க நேர்ந்தாலும், ஒப்பந்தம் மீறப்பட்டது என்று அந்தப் பணத்தை உங்கள் குடும்பத்திடம் திரும்பக் கேட்க அதற்கு வழி உண்டு. மோட்டார் சைக்கிளில் போகிற ஒருவரின் கால் முறிந்தாலே மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் சேர்ந்து எவ்வளவு ஆகும்? 12,000 ரிங்கிட்டுக்கே நகையை அடகு வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் தம்பி குடிக்காமல்தான் ஓட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். விடியற்காலை, தூக்கக் கலக்கம், மழை. அவர் தவறாக ஓட்டி ஒருவர் இறந்துவிட்டால், ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்ததற்கு அதே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் இருக்கின்றன. அதோடு தகுதியிழப்பின்போது ஓட்டியதும் சேரும்.

குடித்துவிட்டு ஓட்டினால்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் குடிபோதை விபத்துகளில் உயிர்கள் போய், நாடு முழுக்கக் கோபம் எழுந்தது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2020 அக்டோபர் 23 முதல் புதிய தண்டனைகள் நடப்பில் உள்ளன. மதுவின் அளவும் குறைக்கப்பட்டது. 100 மில்லி லிட்டர் மூச்சில் முன்பு 35 மைக்ரோகிராம் வரை விட்டார்கள், இப்போது 22 தான். இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லிகிராமாக இருந்தது 50 ஆயிற்று. இந்த அளவைத் தாண்டி ஓட்டுவதுதான் 45ஏ பிரிவு. முதல் முறை 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டு தகுதியிழப்பு. உங்கள் தம்பிக்குக் கிடைத்தது ஏறக்குறைய இதன் அடிமட்டம். இரண்டாம் முறை 20,000 முதல் 50,000 வரை அபராதம், ஐந்து ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது ஐந்து ஆண்டு தகுதியிழப்பு. 29 வயதில் ஓட்டுநர் தொழிலில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டு என்றால் அந்தத் தொழிலே போய்விட்டது என்று பொருள்.

குடிபோதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 44ஆவது பிரிவு. முதல் முறையே பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். பத்து ஆண்டுக்குக் குறைக்க மாஜிஸ்திரேட்டுக்கோ நீதிபதிக்கோ சட்டம் இடம் வைக்கவில்லை. ஊதமாட்டேன், இரத்தம் தரமாட்டேன் என்று மறுத்துத் தப்பிக்கலாம் என்பதும் தவறு. தக்க காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம்.

இங்கே தம்பியைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அவர் இன்னும் குடிக்கிறாரா? ஒரு திருமண விருந்தில் மட்டும் நடந்ததா, அல்லது வாரம் தவறாமல் நடப்பதா? பலர் குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். பெரிய பீர் போத்தல் ஒன்றில், ஏறத்தாழ 640 மில்லி, 5 விழுக்காடு என்று கொண்டால், சுமார் 25 கிராம் மதுசாரம் இருக்கிறது. சராசரி உடலில் கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். அப்படியென்றால் ஒரு போத்தலுக்கே இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். நான்கு போத்தல் குடித்து நள்ளிரவில் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் காரை எடுக்கும்போது அவருடைய இரத்தத்தில் இன்னும் மது இருக்கிறது. கறுப்புக் காப்பியோ குளிர்ந்த நீர்க் குளியலோ அதை விரைவுபடுத்தாது. தூக்கம் கலைந்த குடிகாரராக மாற்றுமே தவிர, குடி இறங்காது. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் ஓட்டுநருக்கு இதைவிட முக்கியமான கணக்கு இல்லை.

வாரம் தவறாமல் குடிப்பவர் என்றால், லைசென்ஸை விடப் பெரிய சிக்கல் அதுதான். நம் சமூகத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடையில் இருந்து மலிவுச் சாராயமான சம்சு வரை குடி பறித்த குடும்பங்கள் எத்தனை என்று நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதை வெட்கமாக மறைப்பதால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம். குடியைப் பற்றிப் பேசினால் அவர்கள் கேட்டு, தேவையானால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அடுத்த முறை அம்மாவின் சர்க்கரை நோய் மருந்துக்கோ இரத்த அழுத்த மருந்துக்கோ போகும்போது தம்பியையும் அழைத்துப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார்.

இப்போது வேலை. என் கருத்தில் தம்பி இந்த வாரமே கம்பெனியில் சொல்ல வேண்டும். கடினம்தான், வேலை போகவும் கூடும். ஆனால் அவராகப் போய்ச் சொல்லும்போது பேச இடமிருக்கிறது. ஸ்டோரில் பொருள் ஏற்றி இறக்கும் வேலை, லாரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநருக்கு உதவியாளராகப் போகும் வேலை ஏதாவது இரண்டு ஆண்டுக்குக் கிடைக்குமா என்று கேட்கலாம். சம்பளம் குறையும். இருந்தாலும் விபத்து நடந்த பிறகோ பிடிபட்ட பிறகோ கம்பெனி தெரிந்துகொண்டால் அந்தப் பேச்சுக்கே வழியில்லை. முதலாளி தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, எதையும் மறைக்காமல் வந்து சொல்லும் ஓட்டுநரை உடனே துரத்தியவர்களைவிட, ஏதோ ஒரு வழி பார்த்துக் கொடுத்தவர்களைத்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

செந்தூலில் இருப்பது உங்களுக்கு ஒரு நல்ல காரியம். செந்தூல் தீமோர் எல்ஆர்டி, செந்தூல் பாராட் எம்ஆர்டி, கொமியூட்டர் என்று மூன்று ரயில்களும் அங்கே உண்டு. மாதம் 50 ரிங்கிட் கொடுத்து மை50 அட்டை எடுத்தால் 30 நாளைக்கு ரேபிட் கேஎல்லின் ரயில்களிலும் பஸ்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கொமியூட்டருக்கு அது செல்லாது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கொமியூட்டரில் ஷா ஆலாம் இறங்கலாம். நேரம் ஆகும். விடியற்காலை ஷிப்டுக்கு முதல் ரயிலே தாமதம் என்றால், ஷிப்டை மாற்றித் தரச் சொல்ல வேண்டும், அல்லது அதே பக்கம் போகும் சக ஊழியரோடு பெட்ரோல் காசு கொடுத்துப் போக வேண்டும். அதுவும் முடியவில்லை என்றால் ஷா ஆலாமிலோ பாடாங் ஜாவாவிலோ நண்பர்களோடு ஓர் அறை. மாத வாடகையை மைவியின் பெட்ரோல், டோல், பார்க்கிங் செலவோடு வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் வித்தியாசம் அவர்கள் நினைத்த அளவுக்கு இருப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. லைசென்ஸ் தடை என்று தெரிந்தவுடன், "ஆள் இருக்கிறார், சில ஆயிரம் வெள்ளி கொடுத்தால் கணினியில் பெயரை எடுத்துவிடுவார்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். தேநீர்க் கடையில் வருவார்கள், உறவினர் மூலமாகவும் வருவார்கள். ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். தகுதி இழந்த காலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே குற்றம். தேர்வு எழுதாமல் வாங்கித் தரும் "லெசென் தெர்பாங்" செல்லாது. லஞ்சம் கொடுத்தது தெரிந்தால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் இருபது ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. சாலைத் தடுப்பில் "காப்பிக் காசு" கொடுத்துப் பார்க்கலாம் என்று தம்பி நினைத்தால், அதற்கும் இதே சட்டம்தான்.

மேல்முறையீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிக்கிற வேறொருவருக்கு உதவும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டு நோட்டீஸைத் தண்டனை விதித்த நாளில் இருந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவிலேயே தகுதியிழப்பு பெற்றவருக்கு மேல்முறையீட்டில் குறைக்க அதிகம் இல்லை. பணம் இல்லாமல் கைதாகிறவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் கைது, தடுப்புக் காவல், ஜாமீன் நிலைகளில் இலவசமாக வருவார்கள். அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. கைதான அன்றே குடும்பத்தார் கேளுங்கள்.

இரண்டு ஆண்டு முடிந்த பிறகு லைசென்ஸ் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்து மறுநாளே காரை எடுக்க வேண்டாம். நீதிமன்ற ஆணையின் நகல் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். அதில் தண்டனை விதித்த தேதி இருக்கும், அதில் இருந்துதான் கணக்கு. காலம் முடிந்ததும் அந்த நகலோடு வங்சா மாஜூ ஜேபிஜே அலுவலகத்துக்குப் போய், தம்பியின் நிலை என்ன, தேர்வு எழுத வேண்டுமா, ஜிடிஎல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். காலாவதியாகி மூன்று ஆண்டுக்கு மேல் புதுப்பிக்காத லைசென்ஸுக்கு மீண்டும் தேர்வில் இருந்தே தொடங்க வேண்டும் என்பது பொது விதி. தம்பியின் லைசென்ஸ் எப்போது காலாவதியாகிறது என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். அக்கா சொன்னால் கோபம் வரும், அம்மா சொன்னால் அழுகையில் முடியும். என்னிடம் மனம் விட்டுப் பேசிய ஒரு குடும்பம் செய்ததைச் சொல்கிறேன். அண்ணன் காருக்கு ஒரு ஸ்டீயரிங் பூட்டு வாங்கி மாட்டி, சாவியைத் தன் வேலையிடத்துக்கே கொண்டுபோய்விட்டார். பிறகு முதல் இரண்டு வாரம் தம்பியை விடியற்காலையில் தானே ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போய் விட்டார். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. ஆறு மணிக்கு எழுப்பி, டீ போட்டுக் கொடுத்து, கொண்டுபோய் விட்டார். மூன்றாவது வாரம் தம்பி தானே போகத் தொடங்கினார். உங்கள் வீட்டில் அந்த அண்ணன் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. உங்களுக்கு லைசென்ஸ் இருந்தால் நாளைக் காலை மைவியை நீங்கள் ஓட்டி, தம்பியைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, செந்தூல் நிலைய வாசலில் இறக்கிவிடுங்கள்.